தலைவலி இல்லாத எண்பத்து மூன்று நாட்கள்

ஜெனிபருக்குத் தலைவலி வரப்போவது ஜெனிபருக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் புருஷன் எட்வர்டுக்குத் தெரிந்துவிடும். முந்தின நாள் மாலையே கொட்டாவி விட ஆரம்பிப்பாள். நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும், தாடை விரிய, வரிசையாகப் பத்து பன்னிரண்டு கொட்டாவி. பிறகு பின்கழுத்தைத் தேய்ப்பாள். பிறகு இனிப்பு கேட்பாள். மற்ற நாட்களில் காபிக்குக்கூட சர்க்கரை வேண்டாம் என்பவள், அன்றைக்கு மட்டும் கம்பெனிக்குப் போன் போட்டு, "யோவ் பிட்டரு, வரசொல்ல பாதுஷா வாங்கினு வாயா" என்பாள். பாதுஷா பொட்டலத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எட்வர்ட் மனதுக்குள் குறித்துக்கொள்வான்: நாளைக் காலை, பத்து மணிக்குள்.

பெரும்பாலும் தப்பாது. முதலில் பார்வையின் ஓரத்தில் ஒரு புள்ளி மினுங்கும். அது மெல்ல வளர்ந்து, ரம்பத்தின் பற்களைப் போல மடிந்து மடிந்து ஒரு வெளிச்சக் கோடாகும். கண்ணை மூடினாலும் அது போகாது, ஏனென்றால் அது கண்ணில் இல்லை. மூளையின் பின்பக்கத்தில், பார்ப்பதற்கென்று இருக்கும் பகுதியில், குளத்தில் விழுந்த கல்லின் அலை போல ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். இருபது நிமிடம், அரை மணி. கோடு மறைந்ததும் வலி. தலையின் ஒரு பக்கத்தில், நாடி துடிக்கிற அதே தாளத்தில் இடிக்கும். அப்போது குழல் விளக்கு எதிரி. பக்கத்து வீட்டுத் தாளிப்பு எதிரி. குழாயில் சொட்டுகிற தண்ணீர்கூட எதிரி. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, துப்பட்டாவைக் கண்ணுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். வாந்தி எடுப்பாள். நடுநடுவே திட்டுவாள்.

"என் தலைய கழட்டி உன் கம்பெனிக்கு எடுத்துக்கினு போ. சர்வீஸ் பண்ணி நாளைக்குக் குடு."

"வாரண்டி முடிஞ்சி போச்சிடி."

"அப்போ ஸ்க்ராப்புல போடுயா. டப்புவாவது வரும்."

மறுநாள் தளர்ந்து எழுந்திருப்பாள். முகம் வெளிறியிருக்கும், ஆனால் பெருமழை நின்ற தெருவைப் போலத் தெளிந்திருக்கும். அகோரமாகப் பசிக்கும். பிரியாணி கேட்பாள். ஒற்றைத் தலைவலி என்பது அப்படித்தான். சொல்லிவிட்டு வரும், ஆட்டிப் படைக்கும், போய்விடும்.

எட்வர்ட் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். எந்த இயந்திரமும் காரணமில்லாமல் நிற்பதில்லை என்பது ஐடிஐயில் அவன் கற்ற முதல் பாடம். அதைக் கடைசிவரை நம்பவும் செய்தான். கும்மிடிப்பூண்டியில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை, அதைப் பற்றி ஊர் பேசி, பேசி, ஓய்ந்திருந்தது. ஜெனிபர் முன்பு ஒரு சார்ஜர் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். பளீரென்ற வெள்ளை விளக்குக்குக் கீழே எட்டு மணி நேரம். அந்த விளக்குதான் தலைவலியைக் கிளப்புகிறது என்று எட்வர்ட் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு வேலையை விட்டுவிட்டாள்.

கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. கம்பெனியில் இயந்திரம் நின்றால் ஒரு தாளில் எழுதுவார்கள்: எப்போது நின்றது, எப்போது ஓடியது, அதற்கு முன் என்ன நடந்தது. அதே மாதிரி கோடு போட்டு, பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினான். தேதி. ஆரம்பித்த நேரம். முடிந்த நேரம். என்ன சாப்பிட்டாள். எவ்வளவு தூங்கினாள். வெயிலில் போனாளா. இரண்டு மாதத்தில் சில விஷயங்கள் துலங்கின. காலை நாஷ்டாவைத் தள்ளிப்போட்டால் வருகிறது. தூக்கம் குறைந்தாலும் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை அதிகம் தூங்கினாலும் வருகிறது. அவன் குழல் விளக்கை ஜன்னலோரத்திலிருந்து மாற்றினான், இட்லியை ஏழரைக்குள் அவளைச் சாப்பிட வைத்தான். அவனுக்கு அவள்மேல் அன்பு இருந்தது. அந்த அன்புக்கு அவனிடம் இருந்த வடிவம் அந்தத் தாள்தான்.

மாதத்துக்குப் பதினோரு நாள் என்று தாள் சொன்னது. அதில் ஐந்து நாட்கள் மேலே சொன்னபடி வந்து, மேலே சொன்னபடி போனவை. மற்ற ஆறு நாட்கள் வேறு மாதிரி. அந்த ஆறு நாட்களுக்கு முன்னால் கொட்டாவி இல்லை, பாதுஷா இல்லை. வெளிச்சக் கோடு இல்லை, வாந்தி இல்லை. சுவர் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பாள். தலைக்கு நேர் மேலே குழல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவள் அதை அணைக்கச் சொல்ல மாட்டாள். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள். "இன்னாடி ஆச்சு?" என்றால், "தலவலி" என்பாள். எட்வர்ட் 'தலைவலி' என்று எழுதுவான்.

அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. அந்த வரிசை வீடுகளில் தலைவலி என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி பாட்டுச் சத்தத்தைக் குறைப்பாள். தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைப்பாள். மனசு சரியில்லை என்றால் "இன்னாத்துக்கு?" என்று உடனே கேட்பார்கள். ஜெனிபரிடம் அதற்குப் பதில் இல்லை. புருஷன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, இட்லி ஊட்டுகிறான். பதில் இல்லாத ஒன்றை எந்தப் பெயரில் சொல்வது? பதில் கேட்கப்படாத ஒரு பெயரில் சொன்னாள்.

பொன்னேரியில் வாரம் இரண்டு நாள் வந்து பார்க்கும் நரம்பு டாக்டரிடம் போனார்கள். எட்வர்ட் தாளை விரித்து வைத்ததும் டாக்டர் அசந்துபோனார்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிட்டு வந்ததில்லப்பா. என்ன வேலை பாக்கற?"

சொன்னான். பெருமையாக இருந்தது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார். தலைவலி வராமல் தடுப்பதற்கு ஒரு மாத்திரை, தினமும் இரவில் ஒன்று என்றார். எழுதுவதற்கு முன்னால், பேனாவைப் பிடித்தபடி ஜெனிபரைப் பார்த்துக் கேட்டார்.

"மனசு எப்படிம்மா இருக்கு? சோர்வா, எதுலயும் பிடிப்பில்லாம, அழுகை வர்ற மாதிரி ஏதாவது உண்டா?"

ஜெனிபர் வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் சூப்பரா கீறா சார்" என்றான் எட்வர்ட். "தலவலி ஒண்ணுதான் பேஜாரு. அது போச்சுன்னா பாட்டு பாடுவா."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். ஜெனிபர் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, "நான் இன்னா பாட்டுயா பாடுவேன்?" என்று கேட்டாள்.

"எதையாவது பாடுடி."

அவள் பாடவில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதத்தில் வெளிச்சக் கோடு வருவது குறைந்தது. எட்வர்டுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பலகை யோசனை வந்தது.

அவனுடைய கம்பெனி வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் தினமும் மாற்றுகிற எண். முன்னூறைத் தொட்டால் எல்லாருக்கும் ஆளுக்கொரு டிபன் கேரியர் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றாறாவது நாள், ஆபரேட்டர் கிருஷ்ணாவுக்கு அச்சின் விளிம்பில் விரல் கிழிந்தது. ரத்தம் கொட்டிற்று. எட்வர்ட்தான் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"அண்ணே, ஆபீசுல சொல்லாத" என்றான் கிருஷ்ணா, பல்லைக் கடித்துக்கொண்டு. "இத்தினி பேரு கேரியரு என்னால போச்சுன்னா என்ன உப்புக்கண்டம் போட்டுடுவானுங்க."

எட்வர்ட் துணியைச் சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டான். கிருஷ்ணா நாலு நாளும் கையுறைக்குள் அந்த விரலை வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். பலகை முன்னூறைத் தொட்டது. கேரியர் கிடைத்தது. அந்தப் பலகை விபத்துகளை எண்ணுவதில்லை, வெளியே சொல்லப்பட்ட விபத்துகளைத்தான் எண்ணுகிறது என்பதை எட்வர்டைவிட நன்றாக அறிந்தவன் அந்தத் தொழிற்பேட்டையில் கிடையாது. ஆனாலும் கடையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்கி வந்து, சமையல் மேடைக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். 'தலைவலி இல்லாத நாட்கள்: 1.'

"இன்னாய்யா இது? ஊட்டுக்குள்ள கம்பெனி வெக்கிற?" என்றாள் ஜெனிபர்.

"நூறு ஆச்சுன்னா பழவேற்காடு போறோம். எறா தொக்கு துன்றோம்."

"தொண்ணூத்தி ஒம்பதாவது நாள் வலிச்சா?"

"மறுபடி ஒண்ணுலருந்து."

"அடப்பாவி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு நினைவிருக்கிறது. அது உண்மையான சிரிப்பு. அதன் பிறகு எட்வர்டிடம் அவள் 'தலவலி' என்று சொல்லவில்லை; அவன் ஷிப்டுக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

ஐம்பத்திரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அவர்களுடைய சிறிய சபையில், ஆராதனைக்கு நடுவே பாஸ்டர், "யாராச்சும் சாட்சி சொல்லணும்னா எழுந்து சொல்லலாம்" என்றார். ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. வேலை கிடைத்தவன் சொல்வான், காய்ச்சல் விட்டவள் சொல்வாள். எட்வர்ட் அதுவரை ஒரு தடவைகூட எழுந்ததில்லை. அன்றைக்கு எழுந்தான்.

"ஏழு வருசமா என் மனைவி தலவலில கஷ்டப்பட்டாங்க. இன்னியோட அம்பத்திரண்டு நாள். ஒரு நாள்கூட வலி இல்ல. கர்த்தர் பூரண சுகம் குடுத்தாரு."

கைதட்டலும் அல்லேலூயாவும் கூரையில் மோதின. பெண்கள் பக்கத்தில், தலையில் முக்காடோடு உட்கார்ந்திருந்த ஜெனிபரை நாலு பேர் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி தன் முட்டி வலிக்காக ஜெனிபரை ஜெபிக்கச் சொன்னாள். சுகம் பெற்றவள் ஜெபித்தால் சீக்கிரம் கேட்கப்படும். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கும் அவளைக் கூப்பிட்டார்கள், அங்கேயும் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

சுகம் பெற்றவள் பட்டப்பகலில் படுத்துக் கிடக்க முடியுமா? அவளை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தலைவலி என்ற ஒரு சொல்லைப் போர்த்திக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் படுத்திருந்தாள். இனி அந்தச் சொல்லைச் சொன்னால் பலகை ஒன்றுக்குத் திரும்பும், புருஷன் சபையில் பொய் சாட்சி சொன்னவனாவான். போர்வை போய்விட்டது. அதற்கடியில் இருந்தது போகவில்லை.

எழுந்து நின்றாள். வீட்டைக் கூட்டினாள், பாத்திரம் பளபளத்தது. இட்லி ஏழரைக்கு மேடையில் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறாள் என்பதை எட்வர்ட் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டான். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டதை அவன் பார்க்கவில்லை. அவன் பார்த்தது ஒன்றே ஒன்று: அவள் திட்டுவது நின்றுபோயிருந்தது. 'யோவ் பிட்டரு' போய், 'ஏங்க' வந்திருந்தது. "ஏங்க, சாப்பாடு வெச்சிருக்கேங்க." "சரிங்க." கேன்டீனில் கிருஷ்ணாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தான்.

"என் ஊட்டுக்காரம்மா இப்போ 'ஏங்க'ன்றாடா. தங்கம்."

"அண்ணே, எதுக்கும் உஷாரா இரு" என்றான் கிருஷ்ணா. "என் ஊட்ல மரியாதையா பேசினா அன்னிக்கு நான் செத்தேன்."

மேசையே சிரித்தது.

எண்பத்து மூன்றாவது நாள், காலை பதினோரு மணிக்கு எட்வர்டின் போன் அடித்தது. அவளுடைய எண். பேசியது வேறு குரல்.

"நைனா, எட்வர்ட்டா? நான் கும்முடிப்பூண்டி டேசன்ல கொய்யாப்பழம் விக்கற கங்கம்மா பேசறேன். உன் பொண்டாட்டி எங்கூட ஒக்காந்துக்கினு கீது. நல்லாத்தான் கீது. வண்டிய மெதுவா ஓட்டிக்கினு வா. ஆனா வா."

அரை மணி நேர வழியை எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. நடைமேடையின் கடைசி பெஞ்சில் ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கொய்யாக் கூடை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். கங்கம்மா எழுந்து வந்து, அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"காலைல எட்டு மணிக்கு வந்துச்சு நைனா. பை இல்ல, டிக்கெட்டு இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து ஓரத்துக்குப் போவுது. வண்டி போனதும் வந்து ஒக்காருது. நாலு வண்டி. நான் வியாபாரத்த உட்டுட்டு இத்தியே பாத்துக்கினு கீறேன். அஞ்சாவதுக்கு எழுந்துச்சு. நான் போயி, 'யம்மா, அவசரமா போயிட்டு வரேன், கூடைய பாத்துக்க'ன்னு மடில வெச்சிட்டேன். நான் எங்கியும் போவல. அந்தத் தூணாண்டதான் நின்னேன்." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கூடைய உட்டுட்டு போவல, பாத்தியா. அவ்ளோ நல்ல பொண்ணு. திட்டாத."

எட்வர்ட் பெஞ்சுக்குப் போனான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி இது:

"தல வலிக்குதாமா?"

ஜெனிபர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். உதடு கொஞ்சம் கோணிற்று.

"இல்லங்க. எம்பத்தி மூணு நாளா இல்ல."

"ஜெனி..."

"ரெண்டு வாட்டி வந்துச்சு. நீங்க ஷிப்ட்டு போனப்புறம். வாந்தி எடுத்து, கழுவி உட்டுட்டு, நீங்க வரதுக்குள்ள சமைச்சிட்டேன்." தண்டவாளத்தைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள். "அன்னிக்கு ரெண்டு நாளும் நல்லாருந்துச்சு. வலிதானேன்னு இருந்துச்சு. அது வந்தா போயிடும். இது போவ மாட்டேங்குது. எங்க வலிக்குதுன்னு கேட்டா காட்டறதுக்கு ஒரு எடமும் இல்ல."

"என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்கதான் சுகமாயிட்டேன்னு சொல்லிட்டீங்களே. சபையே கை தட்டுச்சு. அப்புறம் நான் எங்க போயி படுக்கறது?"

குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே இடம் தெரியாமல் கேட்பவள்போலக் கேட்டாள். 

அன்று மாலையே, பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரணியிலிருந்து அவளுடைய அக்கா ஏஞ்சல் வந்துவிட்டாள். தங்கையைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை மூன்று பேருமாகத் திருவள்ளூரில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநலப் பிரிவில் டாக்டர் மிருதுளா என்று ஒருவர், நாற்பது வயதுக்குள் இருக்கும், எட்வர்டையும் ஜெனிபரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எட்வர்ட் தாள்களையெல்லாம் கொண்டுவந்திருந்தான். வேறு எதைக் கொண்டுவருவதென்று அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதைப் பாருங்க. இந்த அஞ்சு நாள்ல ஆரம்பிச்ச நேரம் இருக்கு, முடிஞ்ச நேரம் இருக்கு. இந்த ஆறு நாள்ல முடிஞ்ச நேரம் எழுதலையே, ஏன்?"

எட்வர்ட் தாளைப் பார்த்தான். மாதா மாதம் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. அவன் கைதான் காலியாக விட்டிருந்தது.

"எப்போ முடிஞ்சுதுன்னு தெரியல மேடம்."

"முடியலைங்க. அதான்" என்றார் டாக்டர். "மைக்ரேனுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. அதிகம் போனா மூணு நாள். மனச்சோர்வு அப்படி வந்து போறதில்ல; வாரக்கணக்கா, மாசக்கணக்கா உக்காந்திருக்கும். ரெண்டும் வேற வேற நோய். ஆனா ஒரே காம்பவுண்டுல குடியிருக்கிற மாதிரி. தூக்கம் கெடறது, பசி போறது, சத்தம் பிடிக்காம படுத்துக்கிறது, ரெண்டுலயும் உண்டு. தலைவலி வர்றதுக்கு முந்தின நாளும், விட்ட மறுநாளும் மனசு இறங்கறதுகூட உண்டு. அதனால வெளியிலருந்து பாத்தா ஒண்ணு மாதிரியே தெரியும்."

"எது மொதல்ல மேடம்? எதுனால எது வருது?" அந்த நிலையிலும் அவன் கேட்டுவிட்டான். அவனால் கேட்காமல் இருக்க முடியாது.

"அப்படி ஒரு நேர்கோடு கிடையாதுங்க. மைக்ரேன் இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு இருக்கும். மனச்சோர்வு இருக்கிறவங்களுக்கு மைக்ரேன் வர்ற வாய்ப்பும் அதிகம். வலியை அடக்கி வைக்கிறதுக்கும் மனசைச் சமமா வைக்கிறதுக்கும் மூளை சில ரசாயனங்களைப் பொதுவா வெச்சிருக்கு. அங்க தட்டுப்பாடோ கோளாறோ வந்தா ரெண்டு வீட்லயும் தெரியும். இவங்க மேலயும் தப்பு இல்ல, உங்க வீட்டு மேலயும் தப்பு இல்ல." டாக்டர் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை மாசமா?"

"நாலு மாசம் மேடம்."

"தலைவலியைத் தடுக்க நல்ல மாத்திரைதான். ஆனா ஏற்கெனவே மனச்சோர்வு இருக்கிறவங்களை இது இன்னும் கீழ தள்ளலாம். அதனாலதான் எழுதறதுக்கு முன்னாடி மனசு எப்படி இருக்குன்னு கேட்போம். அந்த டாக்டர் கேட்டாரா?"

"கேட்டாரு."

"இவங்க என்ன சொன்னாங்க?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூவினார்கள்.

"அவ ஒண்ணும் சொல்லல மேடம்" என்றான் எட்வர்ட். "நான்தான் சொன்னேன். நல்லா கீறான்னு நான் சொன்னேன்."

ஜெனிபர் அவனைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். பிறகு, "மாத்திரை மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார், கனிவாகவே. "அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. வேற மருந்து தரேன். ரெண்டுக்கும் ஆகிற மாதிரி. பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவுல தலைவலி திரும்பி வரலாம். அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் எப்பவும் கூடவே இருக்கணும்." ஜெனிபர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்மா. இவர் இருக்கட்டுமா, வெளியே இருக்கட்டுமா?"

ஜெனிபர் யோசித்தாள். அதிக நேரம் யோசிக்கவில்லை.

"வெளிய இருக்கட்டும்" என்றாள்.

வராந்தா பெஞ்சில் ஏஞ்சல் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஜெனிபரின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் நிற்காமல் அவள் பேசி அவன் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தான். நினைவு வரவில்லை.

"எனக்கும் தெரியாது தம்பி" என்றாள் ஏஞ்சல் திடீரென்று, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "போன் பண்ணா, 'சுகமாயிட்டேன்க்கா'ன்னு சொல்லுவா. நானும் ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு வெச்சிடுவேன். ஒரு வாட்டி, 'அக்கா, அங்க வந்து நாலு நாள் இருக்கட்டா?'ன்னு கேட்டா. இன்னாத்துக்குடின்னு கேட்டேன். 'சும்மாக்கா'ன்னுட்டா. வா-ன்னு சொல்லியிருக்கலாம் நான்."

அவள் அழுதாள். எட்வர்டுக்கு அழுகை வரவில்லை. கைகள் முட்டியின்மேல் சும்மா கிடந்தன. ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கை. அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை.

ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஜெனிபரின் முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, உங்கூட வரேன்" என்றாள். பிறகு எட்வர்டிடம், "ஆரணிக்குப் போறேங்க" என்றாள்.

"நான் லீவு போட்டுர்றேன். பத்து நாள், பதினஞ்சு நாள் போட்டுர்றேன். நம்ம ஊட்லயே இரு."

"அந்த ஊட்ல நான் நல்லா இருக்கணும்" என்றாள். "அக்கா ஊட்ல நல்லா இருக்க வேண்டியதில்ல."

அவன் மறுபடி கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் பெரியபாளையம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது; அங்கே இறங்கி ஆரணிக்கு மாறிக்கொள்ளலாம். அக்காவும் தங்கையும் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெனிபர் ஜன்னல் பக்கம். எட்வர்ட் ஓடிப்போய் ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம வரட்டாமா?"

"வேணாங்க. நானே கூப்புடறேன்."

"எப்போ?"

அவள் தெரியாது என்பதாகத் தலையை அசைத்தாள். டிரைவர் வண்டியை முடுக்கினார். எட்வர்ட் ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

"இப்போ எப்டிமா கீது?"

 பஸ்ஸின் அதிர்வில் அவள் கன்னம் நடுங்கியது. அவள் தனக்குள் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வருவது அவனுக்குத் தெரிந்தது. இடையில் அவன் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நல்லால்ல" என்றாள்.

எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு என்று மூன்று கேள்விகள் அவன் நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கினான். கண்டக்டர் விசில் கொடுத்தார். கம்பி அவன் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. பஸ் நிலையத்தின் வாசலில் வண்டி திரும்பும்வரை அவள் முகத்தின் ஒரு பக்கம் தெரிந்தது. அவள் நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.